நூற்றுக்கு இருபத்தொன்று

கடிதம் வந்த அன்று யசிந்தா குருநகர்க் கடற்கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். ஆனி மாத வெயில். தபால்காரன் வீட்டு வேலிப் படலையில் நின்று மணியடிக்க, தாய் கத்தரீனா போய் வாங்கி, கையிலிருந்த மீன் ஈரம் படாமல் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்தபடி மணலில் நடந்து வந்தாள். உறையின் மேல் பட்டணத்து மிசன் ஆஸ்பத்திரியின் பெயர் அச்சடித்திருந்தது.

யசிந்தா நின்ற இடத்திலேயே பிரித்தாள். நேர்ஸ் பயிற்சிக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன் ஆஸ்பத்திரி வைத்த சோதனையின் முடிவு அது. ஆங்கிலம் நாற்பத்தாறு. கணக்கு ஐம்பத்தெட்டு. சயன்ஸ் இருபத்தொன்று. ஒவ்வொன்றிலும் நாற்பது எடுத்தால்தான் சேர்ப்பார்கள். விரும்பினால் வருகிற தை மாதம் இன்னொரு முறை எழுதலாம் என்று கடைசி வரி சொன்னது.

"என்ன போட்டிருக்கு?" என்று கத்தரீனா கேட்டாள்.

"எடுக்கேல்லை."

"ஏனாம்?"

"சயன்ஸிலை விட்டுப்போட்டன்."

"உந்தச் சயன்ஸ் ஒரு வருசமா உன்னைப் போட்டு ஆட்டுது. கருவாடு எண்டாலும் மூண்டு நாளிலை காஞ்சிடும்."

யசிந்தா கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். அவள் புரட்டிய வேகத்தில் இரண்டு கருவாடு முறிந்துபோயின.

அவளுக்குப் பதினெட்டு வயது. நேர்ஸாக வேண்டும் என்ற எண்ணம் பதினான்காம் வயதில், நெருப்புக்காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்தபோது வந்தது. நோயாளிகளில் இரக்கப்பட்டு வந்த எண்ணம் என்று சொல்ல முடியாது. அவளுடைய தகப்பன் யாகப்பு ஒரு நாள் வாயில் சுருட்டோடு வார்டுக்குள் வந்தார். வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கடலில் நாலு பேரை அதட்டி வலை இழுப்பிக்கிற மனிதர். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு சின்ன நேர்ஸ் அவரைப் பார்த்து, "சுருட்டை வெளியிலை எறிஞ்சுபோட்டு வாங்கோ" என்றாள். யாகப்பு திரும்பிப் போய் எறிந்துவிட்டு வந்தார். காய்ச்சல் விட்ட பிறகும் யசிந்தா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவள் படித்த கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சுகாதாரமும் தையலும்தான் இருந்தன. பௌதிகமும் இரசாயனமும் ஆண்பிள்ளைகள் படிக்கிற பாடங்கள். ஆஸ்பத்திரி கேட்டதோ இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம். கல்லூரியில் படித்து முடித்த ஒருவனிடமிருந்து பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அதில் படம் போட்டிருந்த உபகரணங்களில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை. ஏழாம் வகுப்பு வரையில் கோயில் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவள். ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க அகராதியைப் பத்து முறை திறக்கவேண்டியிருந்தது; அகராதி தந்த தமிழ்ச் சொல்லும் பல வேளை விளங்கவில்லை. எனவே மனப்பாடம் பண்ணினாள். செபங்களை அப்படித்தான் படித்திருந்தாள். வெப்பம் என்ற பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் மூச்சு விடாமல் ஒப்புவிப்பாள். நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால் மறுபடி முதல் வரிக்குத்தான் போகவேண்டும்.

அப்படி நடுவில் நிறுத்துகிறவள் ஞானாம்பிகை. ஒரே வகுப்பு. கொக்குவிலில் புகையிலைத் தோட்டம் வைத்திருந்த மார்க்கண்டுவின் மகள். யசிந்தா புத்தகத்தோடு படுகிற பாட்டைப் பார்த்து ஒரு நாள் பள்ளிக்கூடத்து வேம்பின் கீழ் அதை வாங்கிப் புரட்டத் தொடங்கியவள், ஒரு கிழமையில் கதைப்புத்தகம் வாசிப்பதுபோல முழுவதையும் வாசித்துவிட்டாள். அவளுக்கு நேர்ஸ் வேலையில் ஓர் எண்ணமும் இல்லை. மலாயாவில் றெயில்வேயில் கிளார்க்காக இருந்த ஒருவருக்கு அவளைப் பேசிவைத்திருந்தார்கள். யப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் அவரிடமிருந்து கடிதம் நின்றுபோனது. யுத்தம் முடிந்து பத்து மாதமாகியும் வரவில்லை. காத்திருக்கிற நேரத்தில் அவள் யசிந்தாவுக்குச் சயன்ஸ் சொல்லிக்கொடுத்தாள். அல்லது சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள்.

"இது விளங்கேல்லையோ? இதுகூடவோ?" என்பாள். அவளுக்குப் பொறுமை குறைவு.

சோதனை விண்ணப்பத்தில் யசிந்தா தன் பெயரையே பிழையாக எழுதுவதைக் கண்டு, "நானும் வந்து எழுதிறன், சும்மா. நீ தனியப் போனா மயங்கி விழுந்திடுவாய்" என்று அவளும் பெயர் கொடுத்தாள். சயன்ஸ் பேப்பரை அரை மணி நேரம் முன்னரே முடித்துவிட்டு, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். யசிந்தா அப்போது இரண்டாம் கேள்வியில் நின்றாள்.

கடிதம் வந்த பிறகு ஒரு கிழமை ஞானாம்பிகை பள்ளிக்கூடம் வரவில்லை. வந்த அன்று வேம்பின் கீழ் நின்று, யசிந்தாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கும் கடிதம் வந்தது."

"எத்தினை?"

"எண்பத்தெட்டு."

யசிந்தா சிரித்தாள். அதுவரைக்கும் அது அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. "கிழிச்செறிஞ்சியோ?"

"இல்லை. ஐயாட்டைக் குடுத்தனான்." ஞானாம்பிகை ஒரு வேப்பங்கொட்டையைக் காலால் உருட்டினாள். "மலாயாவிலை இருந்து ஒராள் வந்தவர். எனக்குப் பேசினவர் அங்கை யப்பான்காரன்ரை காலத்திலையே ஒருத்தியைக் கட்டிப்போட்டாராம். பிள்ளையும் இருக்காம். ஊர் முழுக்கக் கதை. கிணத்தடிக்குப் போனாலும் என்னைத்தான் பாக்கினம். ஐயா நாலு நாள் வாய் திறக்கேல்லை. நேத்துத்தான், போறதெண்டால் போ எண்டார்."

"எங்கை?"

"ஆஸ்பத்திரிக்கு. அடுத்த மாசம்."

யசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது இரண்டும் சூடேறின.

"நீ எப்பவெடி நேர்ஸாகவேணுமெண்டு சொன்னனீ? ஒரு நாளாவது சொன்னனியோ?"

"ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. அந்தக் கடிதந்தான் முதல் முதல் கேட்டது."

"அது என்ரை இடம்!"

"உனக்குத் தாற இடத்தை நான் எடுக்கேல்லை, யசிந்தா. உனக்கு இருபத்தொண்டு."

ஞானாம்பிகை வேண்டுமென்று குத்தவில்லை. கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. யசிந்தா புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மாதம் ஞானாம்பிகை றங்குப் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது வழியனுப்பவும் போகவில்லை. மாப்பிள்ளை கைவிட்ட ஒருத்தியோடு மனம் விட்டுக் கோபிக்கவும் முடியவில்லை. கோபிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் மேற்றனைப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். நேர்ஸ்மாருக்குத் தலைவியான மேற்றன் இருபது வருடத்துக்கு முன் கப்பலேறி வந்த வெள்ளைக்கார மிசியம்மா. தமிழைப் புத்தகத்திலிருந்து படித்ததால் பிரசங்கம் பண்ணுவதுபோலத்தான் பேசுவார்.

"நீ எதற்காக வந்திருக்கிறாய்?"

"என்ரை சயன்ஸ் பேப்பரை ஒருக்காப் பாக்கவேணும்."

மேற்றன் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். "இதுவரையில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை" என்று சொல்லிவிட்டு, எழுந்து அலுமாரியைத் திறந்தார்.

பேப்பர் முழுக்கச் சிவப்பு. மூன்றாம் கேள்விக்கு யசிந்தா ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அதன் குறுக்கே ஒரே கோடு, ஓரத்தில் ஒரு பூச்சியம். தெர்மோமீற்றரை எப்படிச் செய்கிறார்கள் என்று புத்தகத்தில் இருந்ததை ஒரு சொல் பிசகாமல் எழுதிய விடை அது.

"கேள்வியை வாசி" என்றார் மேற்றன். அவள் வாசித்தாள். "இப்பொழுது தமிழில் கேட்கிறேன். ஒரு நோயாளியின் வாயில் தெர்மோமீற்றரை வைப்பதற்கு முன் நாங்கள் ஏன் அதை உதறுகிறோம்?"

"உதறாட்டி முந்தின ஆளின்ரை காய்ச்சல் அதிலை நிக்கும். இரசம் தானாக் கீழை இறங்காது. அதிலை ஒரு ஒடுக்கம் இருக்கு."

"மிகவும் சரி. இதற்கு நான் ஐந்து மார்க் கொடுப்பேன். இதை ஏன் நீ எழுதவில்லை?"

"கேள்வி விளங்கேல்லை. தெர்மோமீற்றர் எண்ட சொல்லைக் கண்டன். தெரிஞ்சதை எழுதினன்." பிறகு துணிந்து, "அப்ப அந்த அஞ்சையும் தாங்கோவன்" என்றாள்.

"தந்தாலும் இருபத்தாறு" என்றார் மேற்றன். சிரிக்கவில்லை. எழுந்து மருந்தறைக்கு அழைத்துப்போய், தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு போத்தல்களைக் காட்டினார். இரண்டிலும் புண் கழுவுகிற காபோலிக் தண்ணீர். ஒன்றில் இருபதில் ஒன்று என்றும் மற்றதில் அறுபதில் ஒன்று என்றும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தது. யசிந்தா அதை வாசித்தாள்.

"எது கடுமையானது?"

"அறுபது."

மேற்றன் இருபது என்றிருந்த போத்தலை அவளுக்கு முன்னால் தள்ளிவைத்தார். "மென்மையானது என்று எண்ணி இதை ஊற்றி, நீ இப்பொழுது ஒரு குழந்தையின் புண்ணை எரித்துவிட்டாய்" என்றார். "இந்தப் போத்தல் தமிழ் பேசாது. வைத்தியரும் பேசமாட்டார். நான் உன்னில் இரக்கப்பட்டால் அதை அனுபவிக்கப்போவது நானும் அல்ல, நீயும் அல்ல. தை மாதம் எழுது. எழுத விருப்பமில்லாவிட்டால் வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன."

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நூறு யார் நடப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. அறுபது பங்கில் ஒரு பங்கு மருந்து என்றால் அதுதானே ஐதானது? இவ்வளவுதானா? கத்தரீனா கஞ்சிக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு நாளும் பார்க்கிற விசயம். கணக்கில் ஐம்பத்தெட்டு எடுத்தவள், இதே கணக்கைக் காகிதத்தில் செய்தவள், போத்தலைக் கண்டதும் பெரிய இலக்கத்தைச் சொல்லிவிட்டாள். விளங்கியதில் ஆறுதல் வரவில்லை. மேற்றனைத் திட்டிக்கொண்டு நடந்தாள், பிறகு தன்னைத் திட்டினாள், பிறகு அந்தப் புத்தகத்தை எழுதினவனைத் திட்டினாள். வெள்ளைக்காரி சொன்னது சரி என்பதுதான் அவளை அதிகம் எரித்தது. பிழையாக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய் நன்றாக அழுதிருக்கலாம்.

ஐப்பசியில் பள்ளிக்கூடத்துத் தலைமைச் சிஸ்ரர் அவளைக் கூப்பிட்டார். தை மாதத்திலிருந்து சின்ன வகுப்புக்கு ஒரு ரீச்சர் தேவை. யசிந்தாவுக்குச் சம்மதமென்றால் அவளுக்கே. ஒரு கிழமை வகுப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, கார்த்திகை முடிவதற்குள் சொல்லவேண்டும்.

வீட்டில் இந்தச் செய்தி திருநாள்போல வந்து இறங்கியது. கத்தரீனா உடனே கோயிலுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தாள். யாகப்பு வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"ரீச்சர் எண்டால் நல்லது. வெய்யில் படாது. மற்றவன்ரை மூத்திரச் சட்டி தூக்கிற வேலைக்கு ஒரு சோதினை, அதிலையும் பெயிலாம்! ஆரும் கேட்டால் சிரிப்பினம்."

யசிந்தாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் தனக்கு நேர்ஸ் வேலைதான் வேண்டுமா, அல்லது ஞானாம்பிகையிடம் தோற்றுப்போகாமல் இருக்கவேண்டுமா என்று அவளுக்கே தெரியவில்லை. சோதனை அவ்வளவு பெரிதாக முன்னால் நின்றதில், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்து வெகுநாளாகிவிட்டது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஞானாம்பிகை குருநகருக்கு வந்தாள். அதுவரையில் அவள் அந்த வீட்டுக்கு வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தாலும், யசிந்தாவின் தண்ணீர்ப் போத்தலை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை; வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை. இப்போது அரைநாள் லீவில், வலைகள் காயப்போட்ட முற்றத்தைத் தாண்டி வந்து, கேட்காமலே வாங்கில் இருந்தாள். மெலிந்திருந்தாள். விரல்களின் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது.

கத்தரீனா என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். ஞானாம்பிகையே கேட்டாள். "அம்மா, எனக்கும் கொஞ்சம் தேத்தண்ணி தருவியளோ?"

கத்தரீனா மகளைப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் ஓடினாள். தேத்தண்ணி வந்தது. ஞானாம்பிகை குடித்தாள்.

"உன்ரை அம்மாக்குத் தெரிஞ்சால்?" என்றாள் யசிந்தா. நாலு மாதத்துக்குப் பிறகு அவளோடு பேசிய முதல் சொல் அதுதான்.

"தெரியாது. நீ சொல்லப்போறியோ?" ஞானாம்பிகை கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் ஒரு நாளிலை எத்தினை பேரின்ரை உடம்பு கழுவுறன் தெரியுமே? ஆர் எந்த ஊர் எண்டு கேட்டுக் கேட்டுக் கழுவேலாது."

"உனக்குப் பிடிச்சிருக்கோ?"

"தெரியேல்லை. கால் நோகுது. போன கிழமை ஒரு கிழவி என்ரை கையைப் பிடிச்சபடி செத்துப்போச்சு. ரெண்டு நாள் சோறு இறங்கேல்லை. பிறகு இறங்கினது." கொஞ்சம் யோசித்தாள். "கொக்குவிலிலை இருக்கிறதிலும் பாக்க நல்லம்."

யசிந்தா வேறு ஏதோ பதிலை எதிர்பார்த்திருந்தாள். அற்புதமான வேலை என்று சொல்லியிருந்தால் பொறாமைப்பட்டிருக்கலாம். ஐயோ வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விட்டுவிட்டிருக்கலாம். இரண்டும் சொல்லாமல் ஞானாம்பிகை எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அடுத்த திங்களிலிருந்து யசிந்தா ஒரு கிழமை சின்ன வகுப்பை எடுத்தாள். முப்பத்திரண்டு பிள்ளைகள். அவளுக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. ஆனா ஆவன்னா எழுதிக் காட்டினாள், பாட்டுப் படிப்பித்தாள், மூக்குத் துடைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சிஸ்ரர் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சந்தோசப்பட்டார்.

"நீ இந்த வேலைக்கெண்டே பிறந்த பிள்ளை."

"ஏன், சிஸ்ரர்?" யசிந்தா உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நான் என்னத்தை நல்லாச் செய்தனான்?"

சிஸ்ரருக்குக் கேள்வி விசித்திரமாக இருந்தது. "நீ நல்ல பிள்ளை. அடக்கமான பிள்ளை. உதுக்கு வேறை என்ன வேணும்?"

யசிந்தா வீட்டுக்கு வந்து, கார்த்திகை முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போதே, தனக்கு அந்த வேலை வேண்டாம் என்று சொன்னாள். கத்தரீனா கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டாள்.

"உனக்கென்ன விசரே? அந்தச் சோதினையிலை திரும்பவும் பெயில் விட்டால்?"

"விட்டால் விட்டதுதான்."

"இருபத்தொண்டு எடுத்தவள் கதைக்கிற கதையைப் பார்!"

யாகப்பு அதட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. "ஏன் வேண்டாமெண்டு ஒருக்காச் சொல்லு, பிள்ளை. நான் கேக்கிறன்."

"அப்பு, அந்த மிசியம்மா எனக்கு ஏலாதெண்டு சொன்னவ. ஏன் ஏலாதெண்டும் சொன்னவ. நான் பிழை விட்டால் ஒரு பிள்ளையின்ரை புண் எரியுமாம். சிஸ்ரர் எனக்கு ஏலுமெண்டு சொன்னவ. ஏனெண்டு கேக்க, நல்ல பிள்ளையாம். நான் அங்கை பிழை விட்டால் என்ன நடக்கும்? ஒண்டும் நடக்காது. அதுதான் எனக்கு…" யசிந்தா நிலத்தில் கிடந்த அகப்பையை எடுத்தாள். "எனக்கு அது காணாது."

யாகப்பு வலையின் கண்ணை விரலால் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நீ சொல்லிறது அரைவாசிதான் விளங்குது" என்றார். "எழுது. இதுதான் கடைசி."

இரண்டு மாதம்கூட இல்லை. யசிந்தா ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று, ஞானாம்பிகை வெளியே வரும்வரையில் காத்திருந்து, "ஞாயிற்றுக்கிழமையளிலை வருவியோ?" என்று கேட்டாள். அவளிடம் அப்படிக் கேட்பதற்கு யசிந்தா விழுங்கவேண்டியிருந்தது என்ன என்று ஞானாம்பிகைக்குத் தெரியும். "புத்தகத்தை என்னட்டைத் தா" என்றாள்.

"புத்தகம் இல்லாமல் எப்பிடிப் படிக்கிறது?"

"புத்தகம் இருந்தால் நீ பாடமாக்குவாய்."

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் சண்டையிலேயே போயின. ஞானாம்பிகை ஆங்கிலத்தில் ஒரு கேள்வி எழுதுவாள். யசிந்தா முதலில் அது என்ன கேட்கிறது என்று தமிழில் சொல்லவேண்டும். பிறகு ஆங்கிலத்தில் இரண்டே வரியில் விடை. "ரெண்டு வரி. மூண்டாவது வரி எழுதினால் வெட்டிப்போடுவன்" என்பாள், சொன்னபடியே வெட்டினாள். யசிந்தா பென்சிலை இரண்டு தடவை உடைத்தாள். ஒரு தடவை கொப்பியைத் தூக்கி எறிய, அது கோழிக்கூட்டின் மேல் போய் விழுந்தது.

"எனக்கு மண்டையிலை ஒண்டுமில்லை. விடு!"

"மண்டையிலை எல்லாம் இருக்கு. வாயிலை வருது. கையிலை வரேல்லை. போய் எடுத்துக்கொண்டு வா."

ஒரு நாள் கொதிக்கிற தண்ணீரைப் பற்றிய கேள்வி. தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு விறகு வைத்தாலும் அதன் சூடு மேலே ஏறாது, ஆவியாகத்தான் போகும் என்று யசிந்தா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, அடுப்படியிலிருந்து கத்தரீனா வெளியே வந்தாள்.

"என்னெண்டு? சூடு ஏறாதோ?"

"ஏறாது, அம்மா."

"அப்ப நான் இருபத்தஞ்சு வருசமா விறகைச் சும்மாவோ எரிச்சனான்?" அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. உள்ளே போய் இரண்டு கொள்ளியை இழுத்து வெளியே போட்டாள். சோறு வழக்கம்போல அவிந்தது.

தை மாதம் இரண்டாம் கிழமை சோதனை. ஒன்பது பேர் எழுதினார்கள். சயன்ஸ் பேப்பரில் ஆறு கேள்வி. இரண்டு நன்றாக விளங்கியது. இரண்டு பாதி விளங்கியது. ஒன்றில் நடுவில் ஒரு சொல் தெரியாமல் யசிந்தா கால்மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டு மற்றச் சொற்களுக்கு விடை எழுதினாள். கடைசிக் கேள்விக்கு நேரமில்லை. மணியடித்தபோது கையில் மையும் கண்ணில் தண்ணீருமாக வெளியே வந்தாள்.

"போச்சு" என்று தாயிடம் சொன்னாள். கத்தரீனா அடுத்த நாள் கோயிலுக்குப் போகும்போது சின்ன வகுப்பு யன்னலுக்குள் பார்த்தாள். பாசையூர்ப் பிள்ளை ஒருத்தி முன்னால் நின்று பாட்டுப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அதை யசிந்தாவிடம் சொன்னாள். சொல்லாமல் விட அவளால் முடியவில்லை.

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. இந்த முறை யாகப்பு வீட்டில் இருந்தார். யசிந்தா மூன்று இலக்கங்களையும் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். கணக்கு அறுபது. ஆங்கிலம் நாற்பத்தொன்று, போன முறையைவிடக் குறைவு. சயன்ஸ் நாற்பத்துமூன்று.

"எடுத்திட்டினம்" என்றாள். குரலில் சந்தோசத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது. ஒன்றரை வருடத்துக்கு நாற்பத்துமூன்று.

யாகப்பு, "எத்தினைக்கு எத்தினை?" என்று கேட்டார். சொன்னாள். "அப்ப அரைவாசியும் இல்லையே" என்றார். பிறகு எழுந்து, றங்குப் பெட்டிக்குப் பூட்டு வாங்கச் சந்தைக்குப் போனார்.

மாசி மாதம் முதலாம் திகதி அவள் சேர்ந்தாள். வேலை பழக்க அவளை ஒப்படைத்தது வேலையில் ஏழு மாதம் மூத்த ஒருத்தியிடம். வார்டுக்குள் ஞானாம்பிகை தொப்பியும் ஏப்பிரனுமாக நின்றாள். நோயாளிகளுக்கு முன்னால் அவளை 'நேர்ஸ் மார்க்கண்டு' என்றுதான் கூப்பிடவேண்டும் என்று விதி.

"பதினாலு சட்டி இருக்கு. கழுவி வெய்யிலிலை கவிட்டு வையும்" என்றாள் ஞானாம்பிகை. 'வை' என்னாமல் அந்நியரிடம் சொல்வதுபோல 'வையும்' என்றது யசிந்தாவுக்குச் சுருக்கென்றது.

"ஓம், நேர்ஸ்."

கழுவினாள். பதினாலும் கழுவ ஒரு மணி நேரம் சென்றது. ஞானாம்பிகை வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, மூன்றைத் திரும்பக் கழுவச் சொன்னாள். திரும்பக் கழுவினாள். பின்னேரம் இரண்டு பேருக்கும் கால்மணி நேரம் ஓய்வு கிடைத்தபோது, கிணற்றடியில் காலை நீட்டியபடி யசிந்தா கேட்டாள்.

"இனிச் சோதினை ஒண்டும் இல்லைத்தானே?"

"ஐப்பசியிலை முதல் வருசச் சோதினை. உடம்புக் கூறு, உடம்பு வேலை செய்யிற விதம், மருந்துகள், கிருமிகள். நாலு பேப்பர்."

"அதிலை சயன்ஸ் எவ்வளவு?"

ஞானாம்பிகை அவளைப் பார்த்தாள். "எல்லாம் சயன்ஸ்தான், யசிந்தா."

யசிந்தா கடற்கரையில் வலை கிழிந்தால் ஆண்கள் சொல்கிற ஒரு சொல்லைச் சொன்னாள்.

"என்ன? என்ன சொன்னனீ?" ஞானாம்பிகை அந்தச் சொல்லை முன்பு கேட்டதில்லை. "அதுக்கு என்ன கருத்து?"

"ஒண்டுமில்லை."

"சொல்லனெடி. விளங்கேல்லை."

யசிந்தா எவ்வளவு கேட்டும் சொல்ல மறுத்துவிட்டாள். உள்ளே யாரோ "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்து, நொந்துபோன காலோடு உள்ளே போனார்கள்.